தலைப்பாகையும் கறுப்பு அங்கியும்

(மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு)

காந்தியடிகளைப் பற்றி ஒரு கட்டுரையேனும் இல்லாத கல்லூரி மலரை நான் கண்டதில்லை. உப்பு யாத்திரை, உண்ணாநோன்பு, இராட்டை ஆகியவை பள்ளிநாள் தொட்டு நாம் எழுதி எழுதித் தேய்ந்த தலைப்புகள். ஆகவே இம்முறை வேறு யாரைப் பற்றியேனும் எழுதலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் என் பெரியம்மாவின் மகள்.

அக்கா நம் மாநிலத்து அரசு சட்டக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். பல நாடுகளில் கிளை பரப்பிய வெளிநாட்டு வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றுக்காக ஒப்பந்தப் பத்திரங்களைப் படித்துச் சரிபார்க்கும் அலுவலகத்தில், பெங்களூரில் பணியாற்றுகிறார். சேர்ந்த புதிதில் ஆறு வாரம் பயிற்சி. கணினித் திரையில் தோன்றி இலண்டனிலிருந்து கற்பித்தார்களாம். சட்டம் கற்பித்தது கொஞ்சம். பழக்கம் கற்பித்ததே மிகுதி. மேலாளரை சார் என்று விளிக்கக் கூடாது. கூட்டத்தில் வாய்மூடி இருந்தால் ஒன்றும் தெரியாதவர் என்று எண்ணிவிடுவார்கள். முடியாததை முடியாது என்று அன்றைக்கே எழுதிவிட வேண்டும். இவையெல்லாம் நல்ல பாடங்கள்தாம் என்று அக்காவே ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் பெயருக்கு முன்னிருந்த தலைப்பெழுத்தை விரித்தெழுதச் சொல்லி, அதைக் குடும்பப் பெயர் என்று பதிந்துகொண்டார்கள். அன்று முதல் அவருக்கு வரும் கடிதங்கள் எல்லாம் பெரியப்பாவின் பெயரை விளித்தே வருகின்றன! இருமுறை எழுதிக் கேட்டும் மாறவில்லை. பிறகு விட்டுவிட்டார். விட்டது சரியா, தவறா என்று தீபாவளிக்கு வந்தபோது என்னைக் கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. சில நாள் கழித்து, வேறொரு தேவைக்காக நம் நூலகத்தில் காந்தியடிகளின் தன்வரலாற்றைப் புரட்டியபோதுதான் அதில் ஒரு வழக்கறிஞரின் கதை ஒளிந்திருப்பதைக் கண்டேன். ஒரு நாட்டில் பிறந்து, இன்னொரு நாட்டில் தொழில் கற்று, மூன்றாவது நாட்டில் வேலைக்கு எடுக்கப்பட்டு, பின்னர் அங்கேயே பல இனத்தவரை வேலைக்கு எடுத்துத் தொழில் கற்பித்த ஒருவருடைய கதை அது. மகாத்மாவை நான் அறிவேன். அந்த வழக்கறிஞரை அறிந்திருக்கவில்லை.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869 அக்டோபர் 2-ல் போர்பந்தரில் பிறந்தார். 1888 செப்டம்பரில் பம்பாயில் கப்பலேறினார். இலண்டனில் இன்னர் டெம்பிள் என்னும் வழக்கறிஞர் மன்றத்தில் சேர்ந்தார். அந்நாளில் பாரிஸ்டர் ஆவதற்குத் தேர்வு எழுதினால் மட்டும் போதாது. விருந்தும் உண்ண வேண்டும்! மொத்தம் பன்னிரண்டு பருவங்கள். ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது ஆறு நாள் மன்றத்து உணவுக்கூடத்தில் மற்றவர்களோடு அமர்ந்தெழ வேண்டும். முன்னொரு காலத்தில் மாணவரும் மூத்த வழக்கறிஞரும் கலந்து பழகும் பொருட்டு ஏற்பட்ட ஏற்பாடு இது. இவர் சேர்ந்த காலத்தில் வெறும் சடங்காகச் சுருங்கியிருந்தது. நால்வர் கொண்ட மேசைக்கு இரண்டு புட்டி மது. மது தொடாத இளைஞரைத் தங்கள் மேசைக்கு அழைப்பதில் மற்ற மாணவரிடையே பெரும் போட்டியாம். காரணம் சொல்லவும் வேண்டுமோ!

தேர்வு எளிதென்று பலரும் குறிப்புகளைப் படித்தே தேறிவந்த காலத்தில், இவர் மூல நூல்களை விலைகொடுத்து வாங்கிப் படித்தார். ரோமானியச் சட்டத்தை இலத்தீன் மொழியிலேயே வாசித்தார். எதற்கு இந்த வீண் உழைப்பு என்று தோன்றலாம். தென்னாப்பிரிக்காவின் பொதுச் சட்டம் ரோமானிய டச்சுச் சட்டம். இலண்டனில் படித்த அந்த இலத்தீன், யாரும் எதிர்பாராத ஒரு நாட்டில் அவருக்குக் கைகொடுத்தது.

1891 ஜூன் 10-ல் பாரிஸ்டர் ஆனார். 11-ல் பதிவு செய்துகொண்டார். 12-ல் தாயகத்துக்குக் கப்பலேறினார். ஆனால் ஒரு வாதுரையை எழுதத் தெரியாது. இந்து சட்டமோ முகமதியச் சட்டமோ ஒருவரும் கற்பிக்கவில்லை. பம்பாய்ச் சிறுவழக்கு மன்றத்தில் முப்பது ரூபாய்க் கட்டணத்துக்கு முதல் வழக்கை ஏற்றார். குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார், தலை சுழன்றது, ஒரு கேள்வியும் வரவில்லை. அமர்ந்துவிட்டார். கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். பிறகு ஒரு பள்ளியில் எழுபத்தைந்து ரூபாய் ஊதியத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலைக்கு மனுப்போட்டார். பி.ஏ. பட்டம் இல்லையென்று அதுவும் கிடைக்கவில்லை. (மூன்றாமாண்டு மாணவர்களே, சற்று நிமிர்ந்து உட்காருங்கள். அந்தப் பள்ளியின் கண்ணுக்கு நாம் பாரிஸ்டர் காந்தியைவிட ஒரு படி மேல்!) இராஜ்கோட்டுக்குத் திரும்பி மனு எழுதிக் கொடுத்துப் பிழைத்தார். மாதம் முந்நூறு ரூபாய் கிடைத்தது, மனநிறைவு கிடைக்கவில்லை.

இந்நிலையில்தான் 1893-ல் தாதா அப்துல்லா நிறுவனத்தின் அழைப்பு வந்தது. ஓராண்டு வேலை, 105 பவுன் ஊதியம், போகவர முதல் வகுப்புப் பயணச் செலவு. பாரிஸ்டர் என்ற முறையில் அவரை அழைக்கவில்லை என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். நிறுவனத்துக்கு வெள்ளைக்கார வழக்கறிஞர்கள் ஏற்கெனவே இருந்தனர். அப்துல்லா சேத்துக்கு ஆங்கிலக் கல்வி குறைவு. அனுபவ அறிவு மிகுதி. கணக்குகளும் கடிதங்களும் குஜராத்தியில். வழக்குத் தொகையோ 40,000 பவுன். சேத்தின் மனத்தில் உள்ளதை வெள்ளைக்கார வழக்கறிஞருக்கும், அவர் சொல்வதைச் சேத்துக்கும் விளக்கிச் சொல்ல நடுவே ஓர் ஆள் வேண்டும். இன்று உலகெங்கும் கிளை வைத்திருக்கும் வழக்கறிஞர் நிறுவனங்கள் உள்ளூர் இளைஞரைத் தேடி எடுப்பதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட தேவைக்காகத்தானே!

டர்பனில் இறங்கிய இரண்டாம் மூன்றாம் நாளே சேத் அவரை நீதிமன்றத்துக்கு அழைத்துச் சென்றார். வங்காளத்துப் பாணியில் ஒரு தலைப்பாகை அணிந்திருந்தார் காந்தி. நீதிபதி சற்று நேரம் உற்று நோக்கினார். அதைக் கழற்றச் சொன்னார். காந்தி மறுத்து வெளியேறினார். தலைப்பாகையை விட்டுவிட்டு ஆங்கிலத் தொப்பி அணிந்தால் தொல்லை இராதே என்று ஒரு யோசனை தோன்றியது. சேத் தடுத்தார். அந்நகரில் உணவு விடுதிப் பணியாட்களே ஆங்கிலத் தொப்பி அணிந்த இந்தியர்கள். தலைப்பாகையை விட்டால், அதை அணிவதில் உறுதியாக நிற்கும் மற்ற இந்தியரின் நிலையும் கெடும் என்பது சேத்தின் கருத்து. தலைப்பாகை தலையிலேயே இருந்தது. மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்துக் குளிரிரவு நாமனைவரும் அறிந்தது. அதை இங்கே விவரிக்கவில்லை.

பிரிட்டோரியாவில் அவர் கற்ற பாடமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. வழக்கு முழுவதும் கணக்குப் புத்தகங்களின் மேல் நின்றது. பற்று வரவு இவருக்குப் புரியவில்லை. பி. நோட் என்றால் என்னவென்று அகராதியில் தேடிக் காணாமல், அது பிராமிசரி நோட் என்று சேத்தின் குமாஸ்தா ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். கணக்குப் பதிவியல் நூலொன்றை வாங்கிப் படித்தார். இலண்டனில் மூன்றாண்டு கற்பிக்காததை ஒரு குமாஸ்தாவும் ஒரு கணக்கு நூலும் கற்பித்தன. உண்மைச் செய்திகளைக் கரைகண்டால் சட்டம் தானே துணைக்கு வரும் என்னும் தெளிவு அங்கே பிறந்தது. முடிவில் நடுவர் தீர்ப்புக்கு இரு தரப்பையும் இசையச் செய்தார். சேத் வென்றார், 37,000 பவுனும் செலவுத் தொகையும் கொடுக்க வேண்டுமென்று தீர்ப்பு. ஒரே தவணையில் கொடுத்தால் எதிரி தையப் சேத் நொடித்துப்போவார். அப்துல்லா சேத்திடம் வாதாடி நீண்ட தவணைகளுக்கு அவரை இணங்கவைத்தார். எதிரியிடம் வாதாடுவதைவிடத் தன் கட்சிக்காரரிடம் வாதாடுவது கடினம் என்பதை எந்த வழக்கறிஞரும் ஒப்புவார்.

ஓராண்டுக்கென்று போனவர் தங்கிவிட்டார். இந்தியர் உரிமைக்காக உழைப்பதற்கு ஊதியம் வாங்க மறுத்து, தொழிலால் பிழைக்க விரும்பினார். ஏறத்தாழ இருபது வணிகர்கள் தங்கள் வழக்கு வேலைகளை அவருக்கு ஒப்படைத்தனர். நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் பதிவு செய்ய மனுக் கொடுத்தபோது அங்கிருந்த வழக்கறிஞர் சங்கம் எதிர்த்தது. விதிகள் எழுதப்பட்டபோது வெள்ளையரல்லாதார் வருவார்கள் என்று எவரும் நினைக்கவில்லை என்பதே எதிர்ப்பின் சாரம். இவரைப் போல் நால்வர் வந்தால் தங்கள் பிழைப்பு என்னாகும் என்ற அச்சமும் இருந்திருக்கும். (வெளியாரைத் தொழிலுக்குள் விடுவதா என்ற வழக்கு நம் சென்னை உயர் நீதிமன்றத்திலும் நடந்ததுண்டு. வெளிநாட்டு வழக்கறிஞர் வந்து ஆலோசனை கூறித் திரும்பலாம், இங்கே தொழில் நடத்தலாகாது என்று 2012-ல் அது தீர்ப்பளித்தது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் பெரும்பாலும் அதையொட்டியே தீர்ப்பளித்தது. நீதிமன்றம் ஏறாத பணிகளுக்கு வழிவிடும் விதிகளை இந்திய வழக்கறிஞர் மன்றம் 2023-ல் வெளியிட்டது. அந்த வாதத்தில் தோலின் நிறம் நுழையவில்லை. நேட்டாலில் அதுவே முதல் கேள்வி.)

1894 செப்டம்பர் 3-ல் நீதிமன்றம் சங்கத்தின் எதிர்ப்பைத் தள்ளி அவரை ஏற்றுக்கொண்டது. உறுதிமொழி எடுத்து முடித்ததும் தலைமை நீதிபதி, இனித் தலைப்பாகையைக் கழற்ற வேண்டும், வழக்கறிஞர் உடை பற்றிய விதி இவருக்கும் உண்டு என்றார். காந்தி கழற்றினார்! அப்துல்லா சேத்துக்கும் நண்பர்களுக்கும் வருத்தம். அன்று மறுத்தவர் இன்று ஏன் பணிந்தார்? அன்று அவர் வந்து பார்த்த ஓர் அயலார். இன்று அந்த மன்றத்தின் உறுப்பினர். இதைவிடப் பெரிய போர்களுக்கு வலிமையைச் சேமிக்க வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். எனக்கு முதலில் இது உவப்பாக இல்லை. ஆனால் அடுத்து வரும் காட்சியைப் படித்த பிறகு என் மனம் சற்று இளகியது.

தொழில் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. கந்தல் உடையும் குருதி வழியும் வாயுமாக ஒரு தமிழர் அலுவலகத்துக்குள் நுழைந்தார். முன்பற்கள் இரண்டு உடைந்திருந்தன. தலைப்பாகை கையில் இருந்தது. பாலசுந்தரம் என்பது பெயர், ஒப்பந்தக் கூலி, முதலாளியான வெள்ளையர் அடித்த அடி அது. காந்திக்குத் தமிழ் தெரியாது. அலுவலகத்தில் தமிழர் ஒருவர் குமாஸ்தாவாக இருந்தார். நடந்தது முழுவதையும் அவர்தாம் மொழிபெயர்த்துச் சொன்னார். அந்தக் குமாஸ்தா அங்கே இல்லாவிடில் அந்த வழக்கே இல்லை. வெள்ளையரைக் காணச் செல்லும் கூலியாள் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் ஏந்த வேண்டும் என்பது அங்கு வழக்கம். இந்த அலுவலகத்திலும் அப்படித்தான் என்று பாலசுந்தரம் எண்ணிவிட்டார். காந்தி அதை மீண்டும் கட்டிக்கொள்ளச் சொன்னார். தயங்கித் தயங்கி அவர் கட்டிக்கொண்டாராம். முகத்தில் மகிழ்ச்சி தெரிந்ததாம். மருத்துவச் சான்று பெற்று நீதிபதியிடம் சென்று, ஒப்பந்தத்தை வேறொரு முதலாளிக்கு மாற்றச் செய்தார் காந்தி. செய்தி சென்னை வரைக்கும் எட்டியது. 1896-ல் தாயகம் வந்த கப்பற்பயணத்திலேயே ஒரு தமிழ்ப் பயிற்சி நூலை வைத்துக்கொண்டு தமிழ் படிக்கத் தொடங்கினார். பல முறை முயன்றும் சரளமாகப் பேசும் அளவு அவருக்குத் தமிழ் வாய்க்கவில்லை.

டர்பன் வீட்டில் குமாஸ்தாக்கள் சிலர் குடும்பத்தாரைப் போலவே தங்கியிருந்தனர். அவர்களில் ஒருவர் பஞ்சமர் குலத்தில் பிறந்த கிறித்தவர். அவருடைய கழிவுக் கலத்தைத் தூக்குவதற்குக் கஸ்தூரிபா மனம் நொந்தபோது, காந்தி சினந்து மனைவியின் கையைப் பற்றி வாயில் வரை இழுத்துச் சென்றார். அலுவலகத்தில் கூலியாளின் தலைப்பாகைக்கு மதிப்புக் கொடுத்தவர், வீட்டில் மனைவியின் மனத்துக்கு அதைக் கொடுக்கவில்லை. இதை அவரே நாணி எழுதியிருக்கிறார். நான் மறைப்பது முறையன்று.

1901-ல் இந்தியா திரும்பி, மறு ஆண்டு இறுதியில் மீண்டும் தென்னாப்பிரிக்கா சென்று, 1903-ல் ஜோகானஸ்பர்க்கில் அலுவலகம் திறந்தார். ரிசிக் தெருவும் ஆண்டர்சன் தெருவும் கூடும் முனையில் அமைந்த சிறிய அலுவலகம். டிரான்ஸ்வாலில் நீதிமன்றத்தில் வாதாடும் அட்வகேட் வேறு, கட்சிக்காரரோடு நேரடியாகப் பழகும் அட்டர்னி வேறு. காந்தி அட்டர்னியாகப் பதிந்துகொண்டார். அட்வகேட்டாக இருந்தால் ஏழை இந்தியரோடு நேர்த்தொடர்பு இராது. வெள்ளை அட்டர்னிகள் அவருக்கு வழக்குத் தரப் போவதுமில்லை. பின்னாளில் அவர் வருமானம் ஆண்டுக்கு ஐயாயிரம் பவுனையும் தாண்டியது.

வேலை பெருகிற்று, ஆள் கிடைக்கவில்லை. இந்தியக் குமாஸ்தாக்கள் நால்வர் இருந்தனர். அவர்களைப் பிள்ளைகளாகவே கருதினார். இருவருக்குத் தாமே தட்டெழுத்துக் கற்பித்தார். ஆனால் அவர்களுடைய ஆங்கிலம் போதவில்லை. நேட்டாலிலிருந்து அழைக்கலாமென்றால் அனுமதிச் சீட்டின்றி எவரும் டிரான்ஸ்வாலுக்குள் நுழைய முடியாது. இன்றைக்கு விசாவுக்காகக் காத்திருக்கும் இளைஞருக்கு இந்தத் தொல்லை புரியும். கடைசியில் தட்டெழுத்து வேலைக்கு ஆள் தேடித் தரும் ஒருவரிடம் சொன்னார். நிறமுடைய ஒருவரின் கீழ் வெள்ளைக்காரப் பெண் வேலை செய்ய வருவாளா என்ற ஐயம் அவருக்கே இருந்தது. ஸ்காட்லாந்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த மிஸ் டிக் என்னும் பெண் வந்தார். இந்தியரின் கீழ் பணிபுரியத் தடையில்லை என்றார். பதினேழரைப் பவுன் கேட்டார். காந்தி பேரம் பேசவில்லை. விரைவில் பணமும் கணக்கும் அவர் பொறுப்புக்கு வந்தன. அவர் மணம் செய்துகொண்டபோது தந்தை நிலையில் நின்று கைப்பிடித்துக் கொடுத்தவர் காந்தியே.

அடுத்து வந்தவர் சோன்யா ஷ்லேசின். உருசிய யூதப் பெண், வயது பதினேழு. நண்பர் காலன்பாக் கொண்டுவந்து விட்டார். துடுக்கானவர், காந்தியையே கண்டிக்கத் தயங்காதவர். ஆறு பவுனில் தொடங்கினார். பத்துப் பவுனுக்கு மேல் எந்நாளும் வாங்கவில்லை. கூட்டிக் கொடுக்க முயன்றால் சண்டை பிடிப்பாராம். ஆண்களுள் இருவர் முக்கியமானவர்கள். வணிக நிறுவனமொன்றில் மேலாளராக இருந்த ரிட்ச், காந்தியின் சொற்படி அதை விட்டுப் பயிற்சி எழுத்தராகச் சேர்ந்தார். பின்னர் பாரிஸ்டர் படிப்புக்கு இலண்டன் சென்று, அங்கே 1906-ல் அமைந்த தென்னாப்பிரிக்க பிரிட்டிஷ் இந்தியர் குழுவின் செயலாளரானார். ஹென்றி போலக் ஓர் ஆங்கில யூதர், பத்திரிகைத் துணையாசிரியர், 1904-ல் சைவ உணவு விடுதியில் அறிமுகமானார். அவரும் பத்திரிகையை விட்டுப் பயிற்சி எழுத்தராகி 1908-ல் அட்டர்னி ஆனார்.

சற்று எண்ணிப் பாருங்கள். வெள்ளைக்காரச் சங்கம் உள்ளே விட மறுத்த ஓர் இந்தியரிடம் வெள்ளைக்காரர்கள் கைகட்டித் தொழில் கற்றார்கள்! அங்கே பாடத்திட்டம் ஒன்றும் எழுதி வைத்திருக்கவில்லை. ஆனால் பாடம் இருந்தது. பொய் வழக்கோடு வந்தால் எடுக்கமாட்டார் என்று கட்சிக்காரருக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. ஒரு முறை வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே தம் கட்சிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று தெரிந்ததும், வழக்கைத் தள்ளும்படி இவரே நீதிபதியைக் கேட்டுக்கொண்டார். இன்னொரு முறை, நடுவர் தீர்ப்பு தம் கட்சிக்காரருக்கு முழுச் சாதகமாக வந்திருந்தது. ஆனால் பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதிய சிறு பிழை இருந்தது. அதை ஒப்புக்கொள்ளலாகாது என்றார் மூத்த வழக்கறிஞர். ஒப்புக்கொண்டே தீர வேண்டும் என்றார் காந்தி. மூத்தவர் விலகிக்கொண்டதால் இவரே வாதாட நேர்ந்தது. நீதிபதிகள் முதலில் ஐயுற்றாலும், இறுதியில் தீர்ப்பைக் கலைக்க மறுத்துவிட்டனர்.

1908 ஜனவரி 10-ல், தாம் தொழில் நடத்திய நீதிமன்றத்திலேயே குற்றவாளிக் கூண்டில் நின்று இரண்டு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அதன் பின் அவருடைய நாட்கள் சிறைக்கும் போராட்டத்துக்குமாகச் சென்றன. 1910-ல் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கிற்று. நேட்டாலில் ஒப்பந்தக் கூலிகளுக்குப் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்த தமிழ் பாரிஸ்டர் ஜோசப் ராயப்பன் அங்கே சுமை தூக்கினார், சிறையும் சென்றார். தலைவர்களெல்லாம் சிறையில் இருந்தபோது பணத்தையும் கடிதங்களையும் தொண்டர்களையும் பார்த்துக்கொண்டவர் ஷ்லேசின். அப்போது அவருக்கு வயது இருபதை ஒட்டி.

1914-ல் காந்தி தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டார். பின்வந்த வரலாறு நம் பாடநூலிலேயே உள்ளது. 1922-ல் ஆறாண்டுச் சிறைத் தண்டனை. அவ்வாண்டு நவம்பரில் இன்னர் டெம்பிள் அவர் பெயரை நீக்கியது. 1948 ஜனவரி 30-ல் அவர் மறைந்தார். இறந்து நாற்பதாண்டு கழித்து, 1988-ல், அந்த மன்றம் அவர் பெயரை மீண்டும் சேர்த்துக்கொண்டது. 2003-ல் ஜோகானஸ்பர்க்கில் அவருக்கு வழக்கறிஞர் அங்கியோடு சிலை எழுப்பினார்கள்.

இவற்றையெல்லாம் எழுதி அக்காவுக்கு அனுப்பினேன். தலைப்பாகைப் பகுதியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெயரைத் திருத்தக் கோரி மூன்றாம் முறை எழுதியிருப்பதாக மட்டும் சொன்னார். பிறகு, அந்த ஷ்லேசின் வழக்கறிஞர் ஆனாரா என்று கேட்டார். நான் அதை எழுதாமல் விட்டிருந்தேன். மீண்டும் தேடினேன்.

1909-ல் ஷ்லேசினைத் தம்மிடம் பயிற்சி எழுத்தராகப் பதிய வேண்டுமென்று காந்தி டிரான்ஸ்வால் வழக்கறிஞர் சங்கத்துக்கு விண்ணப்பித்தார். பெண்களைப் பதியும் முன்வழக்கம் தென்னாப்பிரிக்காவில் இல்லையென்று சங்கம் மறுத்துவிட்டது. அங்கே பெண்கள் வழக்கறிஞராகச் சட்டம் இடங்கொடுத்தது 1923-ல்தான். ஷ்லேசின் அதற்குள் வேறு வழியில் சென்றுவிட்டார். பட்டம் பெற்று ஆசிரியையாகி, குரூகர்ஸ்டார்ப் நகரத்து உயர்நிலைப் பள்ளியில் பணிபுரிந்தார். அங்கே அவர் கற்பித்த பாடம் இலத்தீன்.